வளர்ந்துகொண்டே போன கல்

ஒரு புல்வெளியின் நடுவே ஒரு கருங்கல் நின்றது. அந்தக் கல் வருஷா வருஷம் வளர்ந்தது!

கல் வளருமா என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே வாழ்ந்த வெளிமான்கள் கேட்கவில்லை. கல் வளர்கிறதே என்று அவற்றுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மான்களின் தலைவன் பெயர் முறுக்கன். அதன் கொம்புகள் இரண்டும் திருகித் திருகி மேலே போகும். முறுக்கன் தலைவனான வருஷம் கல் அதன் முழங்கால் உயரம்தான் இருந்தது. பிறகு முழங்காலைத் தாண்டியது. தொடைக்கு வந்தது. இப்போது நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"மத்தவங்க ஆட்சியில புல்லுதான் வளர்ந்துச்சு. என் ஆட்சியில கல்லே வளருது!" என்று முறுக்கன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லும்.

கோடை முடிந்து முதல் இடி இடித்ததும் மான்கள் கல்லைச் சுற்றிக் கூடும். முறுக்கன் கல்லோடு ஒட்டி நின்று அளந்து பார்க்கும். பிறகு புல்வெளி எப்படி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும். முதல் இடிக்குத் தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய பழைய வழக்கம்.

முன்பிருந்த தலைவர்கள் புல்வெளி முழுவதும் நடந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். "நல்லா இல்லை" என்று தீர்ப்பானால், ஓடைக்குக் கிழக்கே அந்த மழைக்காலம் முழுக்க யாரும் வாய் வைக்கக் கூடாது. புல் பூத்து, விதை உதிர்ந்த பிறகே அங்கே போகலாம். கல் வளர ஆரம்பித்த பின் அந்த நடை மிச்சமானது. கல்லை அளந்தால் போதும். கல் வளர்ந்திருந்தால் நிலம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கல் எல்லா வருஷமும் வளர்ந்தது. அதனால் ஓடைக்குக் கிழக்கே யாரும் விட்டு வைக்கவே இல்லை.

இந்த அளவெடுப்புக்கு அழையாத விருந்தாளி ஒருவரும் வருவார். அவர் குள்ளநரி. கிட்டே வரமாட்டார். தூரத்து வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

"ராசா! போன வருஷத்துக்கு இந்த வருஷம் நல்லாவே ஒசந்திருக்குங்க! எல்லாம் உங்க கால் ராசிங்க!" என்று கத்துவார்.

நரி சொல்வதை மான்கள் நம்புவதில்லை. அது புகழ்ந்தால் மட்டும் நம்பும். நாமும் அப்படித்தானே!

கூட்டத்தில் செம்பி என்று ஒரு பெண்மான் இருந்தது. அதன் வயிற்றில் குட்டி. இந்த வருஷக் கொண்டாட்டத்தில் செம்பிக்கு மனசே ஒட்டவில்லை.

காரணம், போன வருஷத்துக் குட்டி. வெளிமான் குட்டி பிறந்ததும் தாயோடு ஓடாது. கொஞ்ச நாள் புல்லுக்குள் படுத்தே கிடக்கும். அசையாது, கத்தாது. தாய் சற்றுத் தள்ளி மேய்ந்துவிட்டு, அவ்வப்போது வந்து பால் கொடுத்துப் போகும். அந்த நாட்களில் குட்டியைக் காப்பது புல்தான். போன வருஷம் செம்பியும் அப்படித்தான் குட்டியைப் படுக்க வைத்தது. புல் அதன் முதுகைக்கூட மறைக்கவில்லை. செம்பி பால் கொடுக்கத் திரும்பி வந்தபோது குட்டி படுத்திருந்த இடம் மட்டும் இருந்தது.

அந்த இடத்தைச் செம்பி மறக்கவே இல்லை. அதனால் இந்த முறை முன்கூட்டியே இடம் தேடி அலைந்தது.

தேடத் தேட அதற்குப் பயம் கூடியது. மான்கள் விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தூரும் சின்ன மண் திட்டின்மேல் ஏறி நின்றது. வேர் வெளியே தெரிந்தது. தூருக்கும் தூருக்கும் நடுவில் தரை வழுக்கை. குளம்பை வைத்தால் 'டக், டக்' என்று சத்தம் கேட்டது.

பச்சை இல்லாமல் இல்லை. எருக்கு செழித்திருந்தது. ஆவாரை செழித்திருந்தது. வாயில் குத்தும் ஊசிப்புல்லும் ஏராளமாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அதில் எதைத் தின்பது? எதற்குள் குட்டியை மறைப்பது?

பள்ளத்தில் இருந்த குட்டையும் மாறிப்போயிருந்தது. முன்பு பங்குனி வரை அதில் தண்ணீர் நிற்கும். இந்த வருஷம் தையிலேயே வெறும் சேறாகிவிட்டது.

என்னவோ சரியில்லை என்று செம்பிக்குத் தெரிந்தது. என்ன சரியில்லை என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் முதல் இடி இடித்தது. மான்கள் கல்லடியில் கூடின. முறுக்கன் கல்லோடு ஒட்டி நின்றது. கல் நெஞ்சுக்கும் மேலே ஏறியிருந்தது!

"வளர்ந்திருக்கு! வளர்ந்திருக்கு!" என்று எல்லா மான்களும் துள்ளின.

"இதோ பாருங்க!" என்று முறுக்கன் கல்லின் அடிப்பாகத்தைக் கொம்பால் தொட்டுக் காட்டியது. கல்லின் மேல்பாதி வெயிலும் மழையும் பட்டுக் கறுத்திருந்தது. கீழ்ப்பாதி செம்மண் நிறத்தில் இருந்தது. "கீழே செவப்பா இருக்கே, இதெல்லாம் புதுசா வந்த தளிர்! இன்னும் முத்தலை!"

மரத்தடியிலிருந்து நரி கத்தியது. "தளிருங்க ராசா, தளிரு! வேற யாரு கண்ணுக்குத் தெரியும் இது!"

முறுக்கன் தலையை நிமிர்த்தியது. "நிலம் நல்லா இருக்கு! எல்லாரும் எங்கே வேணும்னாலும் மேயலாம்!"

செம்பி வாயை அடக்கிப் பார்த்தது. முடியவில்லை.

"தலைவரே, கல்லு வளர்ந்துச்சு, சரி. புல்லு ஏன் வளரலை?"

துள்ளிக்கொண்டிருந்த மான்கள் நின்றுவிட்டன.

"எங்கே வளரலை? கண்ணைத் திறந்து பாரு. எங்கே பார்த்தாலும் பச்சை!"

"பச்சைதாங்க. வாய் வெச்சுப் பாருங்க. பாதி எருக்கு, மீதி ஊசிப்புல்லு. என் நாக்கெல்லாம் புண்ணு."

"வயித்துல குட்டி இருந்தா எல்லாம் கசக்கத்தான் செய்யும்" என்றது முறுக்கன். கூட்டம் சிரித்தது. செம்பி சிரிக்கவில்லை. மரத்தடியில் இருந்த நரி அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததைச் செம்பி கவனித்துவிட்டது.

மறுநாள் காலையில் அந்த நரி பின்னாலேயே வந்தது. செம்பி நின்றால் அதுவும் நின்றது. செம்பி நடந்தால் அதுவும் நடந்தது.

"எங்கே படுக்க வைக்கப்போறீங்க அம்மணி?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டது.

"உனக்கு எதுக்கு?"

"சும்மா ஒரு விசாரிப்புதான். போன வருஷம் ஓடைக்கரையில வெச்சீங்க. பாவம், காத்தோட்டமான இடம். எனக்கு அவ்வளவு சிரமம் இல்லை!"

செம்பி ஓடியது. எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்க்காமல் ஓடியது. புல்வெளியின் விளிம்பில் சூரைமுள் புதர் ஒன்று பெரிய வட்டமாக அடர்ந்திருந்தது. வளைந்த முள், உள்ளே போனால் தோலைக் கிழிக்காமல் விடாது. அதனால் எந்த மானும் அந்தப் பக்கம் மேய்வதில்லை. நரியும் கிட்டே வராது. செம்பி அதன் ஓரமாக ஒண்டி நின்று மூச்சு வாங்கியது.

புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாரது? இங்கே யாரும் இல்லை! நானும் இல்லை!"

"நீ இல்லைன்னா பேசுறது யாரு?"

பிறகு இரண்டு நீளக் காதுகள் எட்டிப் பார்த்தன. அது பம்மி என்ற முயல். அந்தப் புல்வெளியிலேயே அதைவிடப் பயந்தாங்கொள்ளி யாரும் கிடையாது. இலை விழுந்தாலும் பம்மிக்கொள்ளும்.

"அக்காவா! நான் நரின்னு நெனைச்சேன். உள்ளே வாங்க. அந்தச் சந்து வழியா தலையைக் குனிஞ்சு ஏறி வாங்க."

"ஏறியா?"

செம்பி அப்போதுதான் கீழே பார்த்தது. புதருக்கு உள்ளே இருந்த தரை வெளித்தரையைவிட உயரமாக இருந்தது. காலைத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டியிருந்தது.

முள் முதுகைக் கீறியது. உள்ளே போன செம்பி அசந்து நின்றுவிட்டது. கொழுக்கட்டைப் புல் வயிற்றைத் தொட்டது! காலடியில் காய்ந்த புல்தாள் மெத்தென்று கிடந்தது. குளம்பு வைத்தால் சத்தமே வரவில்லை.

"உன் வீடு நல்ல மேட்டுல இருக்கு பம்மி. கொடுத்து வெச்சவ நீ."

"மேடா? எங்கக்கா மேடு?" என்றது முயல். "நான் குட்டியா இருந்தப்போ உள்ளேயும் வெளியேயும் ஒரே தரை. ஓடினா நேரா ஓடிப்போகலாம். இப்போ வெளியே போகணும்னா குதிக்கணும், வரணும்னா எகிறணும். எனக்குப் பயமா இருக்கு. நான் எங்கேயும் ஏறலை. நீங்கதான் கீழே இறங்கிட்டீங்க!"

செம்பிக்கு எதுவோ புரிவதுபோல இருந்தது. பதில் சொல்லாமல் புல்லை விலக்கிக்கொண்டு நடந்தது. கால் எதன்மேலோ இடறியது. குனிந்து பார்த்தது.

ஒரு கருங்கல். வெளியே நிற்கிற அதே மாதிரிக் கல். ஆனால் தன் முழங்கால் உயரம்தான் இருந்தது. உச்சி முதல் அடி வரை ஒரே கறுப்பு.

"பம்மி, இந்தக் கல்லு எவ்வளவு வளர்ந்திருக்கு?"

முயல் விழித்தது. "கல்லு எதுக்குக்கா வளரணும்?"

செம்பிக்குச் சட்டென்று புரிந்தது. மேயாத இடத்துக் கல் வளரவில்லை. மேய்ந்த இடத்துக் கல் மட்டும் வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் கல் வளரவே இல்லை. அதைச் சுற்றியிருந்த மண் போய்க்கொண்டிருக்கிறது!

தங்கள் நிலம் காலடியில் கரைந்து போனதைத்தான் அவர்கள் வருஷா வருஷம் துள்ளித் துள்ளிக் கொண்டாடியிருக்கிறார்கள். போன வருஷத்துக் குட்டியை நினைத்துச் செம்பிக்கு அழுகை வந்தது.

முதுகில் முள் கிழித்த ரத்தத்தோடு அது கூட்டத்துக்கு ஓடியது. பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னது.

முறுக்கன் முகம் கடுகடுத்தது. கல் வளரவில்லை என்றால் அதன் பெருமை என்னாவது? கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

"அது முள்ளுக்குள்ள அடைபட்ட கல்லு. காத்து இல்லை, வெளிச்சம் இல்லை. எப்படி வளரும்?"

"அதானே!" என்றது கூட்டம்.

"நீங்களே வந்து பாருங்க தலைவரே!"

"முள்ளுக்குள்ள நானா? என் கொம்பு மாட்டிக்கும்."

செம்பி கெஞ்சியது. "வேண்டாம், கல்லை விடுங்க. இந்த மழைக்கு மட்டும் ஓடைக்குக் கிழக்கே விட்டு வைப்போம். முன்ன செஞ்சதுதானே? புல்லு பூக்கட்டும். வேர் பிடிச்சாத்தான் மண்ணு நிக்கும்."

இதற்குப் பதில் சொன்னது சாமை என்ற இளம் மான். செம்பியின் நெருங்கிய தோழி. அதுவும் வயிற்றில் குட்டியோடு இருந்தது; அதற்கு அது முதல் குட்டி.

"அக்கா, இப்பவே வயிறு காயுது. பாதி நிலத்தை விட்டா எனக்குப் பால் எப்படி ஊறும்?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. செம்பிக்கும் அதே பசிதான். அது யோசித்துக்கொண்டு நிற்பதற்குள் கூட்டம் கலைந்து கிழக்கே மேயப் போய்விட்டது.

இரண்டு குட்டிகளும் ஒரே வாரத்தில் பிறந்தன. செம்பி தன் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளிப் புதருக்குள் ஏற்றியது. முயல் முன்னால் போய் வழி காட்டியது. குட்டியின் காதில் ஒரு முள் கிழித்தது. அது கத்தவில்லை, நல்ல குட்டி.

"சாமை, நீயும் கொண்டு வந்துடு. உள்ளே எடம் இருக்கு" என்று செம்பி அழைத்தது.

"முள்ளு கண்ணுல குத்திட்டா? வேண்டாங்க்கா. தலைவர் கல்லடியில படுக்க வைக்கச் சொல்லிட்டார். கல்லு காக்குமாம்."

சாமை அப்படியே செய்தது. கல்லின் நிழலில் குட்டியைப் படுக்க வைத்து, "அம்மா கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது. யார் வந்தாலும் சரி!" என்று சொல்லிவிட்டு மேயப் போனது.

அன்று பிற்பகல் மழை பிடித்தது.

அது சும்மா மழை இல்லை, வானத்தைப் பிளந்து ஊற்றியது. புதருக்குள் நின்ற செம்பி தரையைப் பார்த்தது. புல்லில் விழுந்த தண்ணீர் தாளுக்குள் இறங்கி மண்ணுக்குள் போய்விட்டது. வெளியே எட்டிப் பார்த்தது. அங்கே ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. வழுக்கைத் தரையில் சிவப்புத் தண்ணீர் குட்டையை நோக்கி ஓடியது. அதோடு மண்ணும் ஓடியது.

கல்லடியில் என்ன நடக்கும்? செம்பிக்குச் சாமையின் குட்டி நினைவு வந்தது.

"பம்மி, என் குட்டியைப் பார்த்துக்கோ!"

"நானா? நான் பயந்தாங்கொள்ளிக்கா!"

"அதனாலதான் உன்னை நம்பி விடுறேன். நீ கண்ணை மூட மாட்டே!"

செம்பி சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடியது. கூட்டம் முழுவதும் பக்கத்து மேட்டில் ஒண்டி நின்றது. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் சுழித்து மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. சாய்ந்த பக்கத்தில் சாமையின் குட்டி தலையைத் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது.

"எழுந்திரு! எழுந்து ஓடு!" என்று செம்பி கத்தியது.

குட்டி கண்ணை மட்டும் உருட்டியது. அசையவில்லை.

செம்பி மூக்கால் முட்டியது. காலால் தட்டியது. குட்டி இன்னும் இறுகி ஒட்டிக்கொண்டது. அம்மா அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்கிற குட்டி அது!

"சாமை! உன் குட்டியைக் கூப்பிடு! நீ கூப்பிட்டாத்தான் வரும்!"

மேட்டில் நின்ற சாமை தலைவனைப் பார்த்தது. "கல்லு காக்கும்" என்றது முறுக்கன். ஆனால் அதன் குரல் நடுங்கியது.

கல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"கூப்பிடு சாமை! போன வருஷம் நான் பறிகொடுத்தது போதும்!"

சாமை அதற்குமேல் யாரையும் பார்க்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியது. குட்டி சட்டென்று எழுந்தது. காலுக்குக் கால் பின்னிக்கொண்டு தாயிடம் ஓடியது. அது நாலு எட்டு வைப்பதற்குள் 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. குட்டி படுத்திருந்த இடத்தில் கல் விழுந்து கிடந்தது.

சாமை தன் குட்டியை நக்கி நக்கி அணைத்துக்கொண்டது. மழை இன்னும் விடவில்லை.

மழை விட்டதும் முறுக்கன் மெல்ல இறங்கி வந்தது. விழுந்து கிடந்த கல்லைச் சுற்றி வந்தது. அடிப்பாகத்தில் ஒரு கட்டி மண்கூட ஒட்டியிருக்கவில்லை. மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. தளிர் என்று தான் காட்டிய சிவப்பை முறுக்கன் நாக்கால் நக்கிப் பார்த்தது. மண்ணின் ருசிதான் அடித்தது.

பிறகு அது நேராகச் சூரைமுள் புதரை நோக்கி நடந்தது. கூட்டமும் பின்னால் போனது. புதரின் ஓரத்தில் முறுக்கன் நின்றது. உள்தரைக்கும் வெளித்தரைக்கும் நடுவே இருந்த மண்சுவரோடு ஒட்டி நின்று தன் காலால் அளந்தது. கல்லை எப்படி வருஷா வருஷம் அளந்ததோ, அப்படியே அளந்தது. கல் எவ்வளவு வளர்ந்திருந்ததோ, தரை அவ்வளவு இறங்கியிருந்தது.

"இவ்வளவு மண்ணா?" என்றது. "இத்தனையும் எங்கே போச்சு?"

செம்பி பள்ளத்தைப் பார்த்தது. குட்டை சிவந்து, மேடிட்டுக் கிடந்தது. முறுக்கனும் அதைப் பார்த்தது.

"அந்த மண்ணுல வளர்ந்த புல்லுலதான் எல்லார் குட்டியும் மறைஞ்சு கிடந்திருக்கணும்" என்றது முறுக்கன். அதன் கண்ணில் நீர் நின்றது. "நான் அந்த மண்ணு போறதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்."

அன்றே தீர்ப்பு மாறியது. "நிலம் நல்லா இல்லை. ஓடைக்குக் கிழக்கே யாரும் வாய் வைக்கக் கூடாது!"

அந்த மழைக்காலம் லேசாகப் போகவில்லை. பாதி நிலத்தில் எல்லாரும் மேய்ந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. சாமையின் குட்டி பால் போதாமல் முனகியது. கிழக்கே பச்சை எழும்புவதைப் பார்த்துச் சில மான்கள் முணுமுணுத்தன. "ஒரு வாய் கடிச்சா என்ன ஆகிடும்?" முறுக்கன் ஓடைக்கரையில் குறுக்கே நின்றுகொண்டது. அதுவும் பசியோடுதான் நின்றது.

அடுத்த வருஷம் முதல் இடி இடித்ததும் கூட்டம் புதரின் ஓரத்தில் கூடியது. முறுக்கன் சுவரோடு காலை ஒட்டி வைத்துப் பார்த்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"போன வருஷம் எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு" என்றது முறுக்கன்.

"இவ்வளவு பட்டினி கிடந்தும் அவ்வளவுதானா?" என்று கூட்டம் சோர்ந்தது.

செம்பி மட்டும் துள்ளியது. "இறங்கலையே! முதல் தடவையா இறங்கலை!"

பிறகு முறுக்கன் அங்கே நிற்காமல் கிழக்கே நடந்தது. கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு புல்வெளி முழுவதும் நடந்தது. தரையை முகர்ந்தது. குளம்பால் தட்டிச் சத்தம் கேட்டது. தூருக்கும் தூருக்கும் நடுவே குனிந்து பார்த்தது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. வழுக்கைத் தரையில் ஊசி ஊசியாகச் சில நாற்றுகள் முளைத்திருந்தன. ஊசிப்புல் இல்லை, எருக்கு இல்லை. கொழுக்கட்டைப் புல்!

"செம்பி, நீ சொல்லு. நிலம் நல்லா இருக்கா?"

"இன்னும் நல்லா இல்லைங்க தலைவரே. ஆனா நல்லாகிற பக்கம் திரும்பியிருக்கு."

"அப்போ இந்த வருஷமும் கிழக்கே விடுவோம்" என்றது முறுக்கன். இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை.

அதற்கும் அடுத்த வருஷம் ஓடைக்குக் கிழக்கே புல் பூத்து விதை உதிர்த்தது. செம்பிக்கு மறுபடி ஒரு குட்டி பிறந்தது. அதைப் புதருக்குள் கொண்டு போகவில்லை. நடுங்கிக்கொண்டே வெளியே, அந்தப் புல்லில் படுக்க வைத்தது. பழைய கல் விழுந்து கிடந்த இடம் பக்கத்தில்தான் இருந்தது. கல் கண்ணுக்குத் தெரியவில்லை. புல் மூடிவிட்டது.

காலையில் நரி வந்தது.

"என்ன ராசா, கல்லு விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சே! மனசு கேக்கலைங்க. வேற ஒரு கல்லு நட்டுடலாமா?"

"வேண்டாம்" என்றது முறுக்கன். "நீ போய் வேற எங்கேயாவது கை தட்டு."

நரி சிரித்துக்கொண்டே புல்லுக்குள் இறங்கியது. இந்தக் கூட்டத்தில் குட்டி எங்கே கிடக்கும் என்று அதற்குப் பழக்கம். மூக்கை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. செம்பி தூரத்தில் மேய்வதுபோலத் தலையைக் குனிந்து நின்றது. வாயில் இருந்த புல்லை மெல்லவில்லை. நரி குட்டிக்கு நேராக வந்தது. இன்னும் கிட்டே வந்தது. கால் நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நின்றது.

காற்று நரியின் பக்கமிருந்து வீசியது, குட்டியின் வாசம் அதற்கு எட்டவில்லை. புல் அசைந்தது. குட்டி அசையவில்லை.

நரி குட்டியைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டது.

செம்பி அப்போதுதான் வாயில் இருந்ததை மென்று விழுங்கியது.

ஏதோ ஒன்று உயர்ந்துவிட்டது என்று துள்ளுவதற்கு முன்னால், நம் காலடியில் எது இறங்கிப்போயிருக்கிறது என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட வேண்டும்.